மலைக்கு ஜாகிர், மதிக்கும் ஜாகிரா?

வெள்ளிமலை என்றதும் புராணப் பிரியர்களுக்குக் கயிலை நினைவு வரும். நாம் கூறுவது அதுவன்று. கள்ளக்குறிச்சிக்கு மேற்கே, கல்வராயன் மலைமீது, மலையாளிப் பழங்குடி மக்கள் உழுது வாழும் வெள்ளிமலை. 1947இல் நாடு விடுதலை விழாக் கொண்டாடிற்று. அந்த விழாவின் வெளிச்சம் இம்மலை ஏற இருபத்தொன்பது ஆண்டுகள் ஆயின! சடையக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், அரியக் கவுண்டர் என மூன்று ஜாகிர்கள். அவற்றின் பிடியிலே மலை முழுவதும். உழுதவன் உழுதான், ஆனால் 'என் நிலம்' என்று உரைக்க அவனுக்கு உரிமையில்லை. ஜாகிர்தாரின் நிலத்திலே கூலியின்றிப் பாடுபடவும் வேண்டும். 1976இல்தான் அந்த முறை ஒழிந்தது.

கணிப்பொறி பற்றிக் கூற வந்தவன் ஜாகிர் கதையை ஏன் இழுக்கிறான் என்று கேட்பீர்கள். காரணம் உண்டு.

கணிப்பொறி ஒன்றைக் காசு கொடுத்து வாங்குகிறோம். பொறி நமது. ஆனால் அதை இயக்கும் இயங்குதளம்? அது நமதன்று! பயன்படுத்திக்கொள்ளலாம் என்ற சீட்டு மட்டுமே நம் கையில். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கக் கூடாது, திருத்தக் கூடாது, அண்டை வீட்டானுக்கு ஒரு படி எடுத்துத் தரவும் கூடாது. அதன் மூலநிரல் மறைத்து வைக்கப்பட்டிருக்கிறது. ஓதக் கூடாது, கேட்கவும் கூடாது என்று ஒரு கூட்டம் ஏட்டைப் பூட்டி வைத்ததையும், அதற்கு 'மறை' என்றே பெயர் வழங்கியதையும் அறிந்த தமிழருக்கு இது புதுக்கதையா?

இந்தப் பூட்டும் ஆதியிலே இருந்ததன்று. ஒருவர் எழுதிய நிரலை மற்றவர் திருத்துவதும் பகிர்வதும் ஆய்வுக்கூடங்களில் அன்றாட வழக்கமாக இருந்தது. 1980ஐ ஒட்டி, அமெரிக்காவின் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக ஆய்வுக்கூடத்திற்கு ஜெராக்ஸ் நிறுவனம் ஓர் அச்சுப்பொறியை அளித்தது. காகிதம் சிக்கிக்கொண்டால் அங்கிருப்போருக்குச் செய்தி சொல்லுமாறு பழைய அச்சுப்பொறியின் நிரலைத் திருத்தி வைத்திருந்தார் ரிச்சர்ட் ஸ்டால்மன். புதிய பொறிக்கும் அவ்வாறே செய்ய விழைந்தார், மூலநிரல் இல்லை. அதை வைத்திருந்த மற்றொரு பல்கலைக்கழக ஆய்வாளரை நாடிக் கேட்டார். 'தரமாட்டேன் என்று கையெழுத்திட்டுவிட்டேன்' என்ற பொருள்பட விடை வந்தது. அறிவாளி ஒருவன் தன் அறிவைப் பிறர்க்குத் தருவதில்லை என்று முறி எழுதித் தந்திருக்கிறான்! அந்த மறுப்பு, சிறு மறுப்புத்தான். ஆனால் அதிலே ஒரு காலத்தின் போக்கையே கண்டார் ஸ்டால்மன்.

1983 செப்டம்பரில் 'குனு' என்ற பெயரில் கட்டற்ற இயங்குதளம் ஒன்றை ஆக்கப்போவதாக அறிவித்தார். 1985இல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை எழுந்தது. 1989இல் பொதுமக்கள் உரிமம். பதிப்புரிமைச் சட்டம் என்னும் வேலியைக் கொண்டே வேலிகளை வீழ்த்திய உரிமம் அது. எவரும் இயக்கலாம், கற்கலாம், திருத்தலாம், பகிரலாம். ஆனால் திருத்தியதைப் பிறர்க்கு வழங்குவோன், தான் பெற்ற உரிமை அனைத்தையும் அவர்க்கும் வழங்கியே தீர வேண்டும். பெற்றவன் பூட்டிக்கொள்ள வழியில்லை!

1991இல் பின்லாந்தின் ஹெல்சிங்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 'லினக்ஸ்' என்ற கருநிரலை வெளியிட்டார். குனுவிடம் உடல் இருந்தது, உயிர்நாடி இல்லை. இந்த மாணவரிடம் அது இருந்தது. மறு ஆண்டு அதுவும் பொதுமக்கள் உரிமத்தின் கீழ் வந்து சேர்ந்தது. இரண்டும் இணைந்தன.

தமிழுக்கு இதனால் என்ன என்பவர்க்கு ஒன்று கூறுவோம். 1935இல் பெரியார் எழுத்துச் சீர்திருத்தத்தைக் 'குடிஅரசு' ஏட்டிலே நடைமுறைப்படுத்த முடிந்தது ஏன்? அச்சகம் அவர் கையில் இருந்தது! எழுத்தைக் கோப்பவன் எசமானனிடம் இசைவு கேட்கும் நிலையிலிருந்தால், அரசே அதை ஏற்ற 1978வரை காத்திருந்திருப்போம். பூட்டிய இயங்குதளத்திலே எம்மொழி தோன்றலாம், எந்தச் சொல் நிற்கலாம் என்பதைச் சந்தை முடிவு செய்யும். கட்டற்ற தளத்திலே, 1990களின் இறுதி தொடங்கித் தமிழகத்திலும் ஈழத்திலும் புலம்பெயர்ந்த நாடுகளிலும் இருந்த தன்னார்வலர்கள் கே.டி.இ., குனோம் முகப்புகளின் சொற்களை ஒவ்வொன்றாகத் தமிழாக்கினர். எவரிடமும் இசைவு கேட்கவில்லை. 'கோப்பு', 'அடைவு' போன்ற சொற்கள் அகராதியிலிருந்து திரைக்கு வந்தன. தமிழாக்கம் சில இடங்களில் கரடுமுரடாக இருந்தது உண்மை. திருத்தலாம் அல்லவா? திருத்தினர்.

சென்னை சி-டாக் நிறுவனம், டெபியனை அடியாகக் கொண்டு, இந்திய மொழிகளுடன் 'பாஸ்' லினக்சை 2007இல் வெளியிட்டது. 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாளன்று தொடங்கிய மடிக்கணினித் திட்டத்திலே, விண்டோசும் பாசும் ஒரே பொறியில் அருகருகே அமர்ந்தன. பொறி தருவதற்குப் பணம் ஒதுக்கிய அளவுக்கு, அதைக் கற்பிப்பதற்கு ஆசிரியர்களை ஆயத்தப்படுத்தியிருக்க வேண்டும் என்பது நம் கருத்து. அண்டை மாநிலமாம் கேரளம் ஆசிரியர்க்கே முதலில் பயிற்சியளித்துத் தன் பள்ளிகளைக் கட்டற்ற தளத்துக்கு மாற்றிக் காட்டிற்று. நாம் பொறியைத் தந்தோம். சாவி எது என்று சொல்ல மறந்தோம்.

ஆயினும் அரசு மறந்ததைச் சிலர் மறக்கவில்லை. 2012 முதல் 'கணியம்' இதழ் கட்டற்ற மென்பொருள் பற்றிய கட்டுரைகளையும் நூல்களையும் தமிழில் இலவசமாக வழங்கி வருகிறது. கள்ளக்குறிச்சி 2019வரை எந்த மாவட்டத்தோடு இணைந்திருந்ததோ, அந்த விழுப்புரத்திலே, குனு லினக்ஸ் பயனர் குழுவினர் சிற்றூர் மாணவர்களுக்குக் கட்டணமின்றிக் கணிப்பொறி கற்பிக்கின்றனர். அக்குழு மலையடிவாரத்தோடு நிற்க வேண்டியதில்லை. கல்வராயன் மலையிலே அரசு பழங்குடியினர் உறைவிடப் பள்ளிகள் உள்ளன. உரிமக் கட்டணம் ஒரு காசும் கேட்காத, பழைய பொறியிலும் ஓடக்கூடிய தளம் ஆயத்தமாக இருக்கிறது. ஜாகிர் ஒழிந்த ஆண்டில் பிறந்தவர்களின் பேரப்பிள்ளைகள் அங்கே எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கியிருக்கும் காலம் இது.