சம்பா கோவில்: ஒரு பேராலயமும் அதன் பெயர்களும்

கடலூரிலிருந்தோ சிதம்பரத்திலிருந்தோ புதுச்சேரிக்குப் பேருந்தில் போய் இறங்கி, "அமலோற்பவ அன்னை பேராலயம் எங்கே?" என்று கேட்டால் சிலர் யோசிப்பார்கள். "சம்பா கோவில்" என்றால் போதும், உடனே வழி காட்டிவிடுவார்கள். நமது உயர்மறைமாவட்டத்தின் தலைமை ஆலயம் அதுதான். ஜென்மராக்கினி மாதா கோவில் என்பதும் அதுவே. ஜென்மப் பாவமில்லாமல் உற்பவித்த அரசி என்ற பொருளில் நம் முன்னோர் வழங்கிய பெயர் அது. திருவிழா டிசம்பர் 8.

இந்தச் 'சம்பா' நெல்லும் அல்ல, பூவும் அல்ல. இங்கே முன்பு இருந்த சேசு சபையினரின் கோவில் புனித பவுலின் பெயரைத் தாங்கியிருந்தது. புனித பவுலைப் போர்த்துக்கீசியர் 'சாவ் பாவ்லு' என்பர், பிரெஞ்சுக்காரர் 'சேன் போல்' என்பர். தமிழர் நாவில் அது சம்பாவு ஆகி, சம்பா என நின்றது. கேரளத்தின் சம்பாளூரும் இதே புனிதரால் பெயர் பெற்ற ஊர்தான்.

பெயர் நிலைத்த அளவுக்குக் கட்டடம் நிலைக்கவில்லை. பிரான்சு அரசர் பதினான்காம் லூயியின் உதவியுடன் 1692-இல் கட்டிய கோவில், மறு ஆண்டே டச்சுக்காரர் நகரைப் பிடித்தபோது அழிந்தது. 1728-இல் தொடங்கி 1736-இல் முடிந்த பெரிய கோவிலைப் பற்றி, டியூப்ளேயின் துபாஷாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் பல செய்திகள் உள்ளன. கோவிலுக்குள் சாதிக் கிறிஸ்தவர்களையும் ஒடுக்கப்பட்ட கிறிஸ்தவர்களையும் பிரிக்க ஒரு சுவர் இருந்தது. "நாங்களும் உங்கள் பிள்ளைகள் அல்லவா?" என்ற கருத்துப்பட ஒடுக்கப்பட்டோர் குருக்களிடம் முறையிட, 1745-இல் அச்சுவர் இடிக்கப்பட்டது. உயர்சாதியினர் கொதித்தெழுந்ததையும் பிள்ளை எழுதுகிறார். பங்கின் வரலாறு சொல்லும்போது நாம் வசதியாகத் தாண்டிச் செல்லும் பக்கம் இது.

இன்னொரு பக்கமும் உண்டு. இக்கோவிலை அடுத்திருந்த வேதபுரீசுவரர் கோவில், 1748 செப்டம்பரில், ஆங்கிலேயர் முற்றுகையின்போது இடிக்கப்பட்டது. அதை அகற்றச் சேசு சபையினர் நெடுங்காலம் முயன்று வந்தனர் என்பதை மறைக்க வேண்டியதில்லை.

1758-இல் பிரெஞ்சுப் படை கடலூர் அருகே தேவனாம்பட்டினத்துப் புனித தாவீது கோட்டையைப் பிடித்துத் தகர்த்தது. 1761-இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைத் தரைமட்டமாக்கினர். பவுல் கோவிலும் தப்பவில்லை.

இப்போதைய ஆலயத்தின் பணி அந்த இடிபாடுகளின் மேல் 1770-இல் தொடங்கியது. 1773-இல் திருத்தந்தை சேசு சபையைக் கலைத்தார். 1776-இல் பாரிசு வேதபோதக சபைக் குருக்கள் பொறுப்பேற்றனர். 1791 ஜூன் 20-இல் ஆயர் சாம்பெனுவா ஆலயத்தை அர்ச்சித்தார். மக்களோ பவுலடியாரை விடவில்லை.

மறைமாவட்டத்தின் பெயரும் மாறியது. 1886-இல் 'புதுச்சேரி உயர்மறைமாவட்டம்' ஆனது. 1953 ஆகஸ்ட் 7 முதல் கடலூரும் அப்பெயரில் சேர்ந்து 'புதுவை–கடலூர்' ஆயிற்று. பேராலயம் மட்டும் மிஷன் வீதியிலேயே, சம்பா கோவிலாகவே இருக்கிறது.