மழை நாள் சம்பளம்

தென் பிரான்சில் உள்ள 'கனால் து மிதி' கால்வாயில் ஒரு வாரம் படகிலேயே தங்கிப் போய் வரலாம் என்று மகள் அழைத்திருந்தாள். பெசியே நகருக்கு அடுத்த கொலொம்பியே துறையில் மாலையில்தான் படகு தருவார்கள். அதுவரை பெசியேவைச் சுற்றிப் பார்த்தோம். ஜூலை மாதம். நம் ஊர் கத்திரி வெயிலுக்குக் கொஞ்சமும் குறைவில்லை.

மேட்டில் உள்ள சேன் நசேர் பேராலயத்தைப் பார்த்துவிட்டு வருவதற்குள் என் மனைவிக்குத் தலை சுற்றியது. பெரிய சாலையில் மர நிழலாகப் பார்த்து உட்கார்ந்தோம். அங்கேதான் 1838இல் வைத்த ரிக்கேயின் சிலை இருக்கிறது.

பியேர்-போல் ரிக்கே இந்த ஊரில் பிறந்தவர். பொறியாளர் அல்ல, உப்பு வரி வசூலிக்கும் குத்தகைதாரர். துலூசிலிருந்து மத்தியதரைக் கடல் பக்கம் வரை 240 கிலோமீட்டர் கால்வாய் வெட்டலாம் என்று 1662இல் மந்திரி கொல்பேருக்குக் கடிதம் எழுதினார். 1664இல் இந்தியக் கம்பெனியைத் தொடங்கியவர் என்று நம் பள்ளியில் மனப்பாடம் செய்தோமே, அதே கொல்பேர்தான். 1666இல் பதினான்காம் லூயி அனுமதி கொடுத்தார். பிரான்சுவா மர்த்தேன் 1674இல் புதுச்சேரிக்கு வந்தபோது இங்கே மண் வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

மேட்டில் கால்வாய்க்குத் தண்ணீர் எப்படிக் கிடைக்கும் என்பதுதான் பெரிய சிக்கல். மலை ஓடைகளைத் திருப்பி, சேன் ஃபெரெயோலில் ஏரி கட்டித் தேக்கி, அங்கிருந்து இரண்டு பக்கமும் ஓடவிட்டார் ரிக்கே.

வெயில் தாழ்ந்ததும் ஃபோன்செரான் போனோம். படிக்கட்டு போல அடுத்தடுத்து எட்டுத் தொட்டிகள். ஒவ்வொன்றிலும் கதவை மூடித் தண்ணீரை ஏற்ற, படகு மேலே ஏறிவிடுகிறது.

என்னை நிறுத்தியது வேறொரு செய்தி. வேலை மும்முரமாக இருந்தபோது சுமார் 12,000 பேர் வேலை செய்தார்கள், பெண்களும் நிறைய. ரிக்கே அவர்களுக்கு மாதச் சம்பளம் கொடுத்தார். ஞாயிறு, பண்டிகை, மழை நாள், நோயில் படுத்த நாள் எதற்கும் பிடித்தம் கிடையாது.

"நல்ல மனுஷன்" என்றேன்.

"இல்லேன்னா அறுவடைக்கு ஓடிப்போயிருப்பாங்கப்பா. அந்தப் பணமும் ஏழைங்க கட்டின உப்பு வரிதானே?" என்றாள் மகள்.

அதுவும் நியாயம்தான். ஆனால் நான் வேறொன்றை நினைத்துக்கொண்டிருந்தேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் தினக்கூலி ஆட்களின் மஸ்டர் ரோல் எழுதியவன் நான். மழை பெய்த நாளில் எல்லாப் பெயருக்கும் நேரே ஒரு குறுக்குக் கோடு. நனைந்த முந்தானையோடு வாசலில் நின்ற பெண்களிடம் "விதி அப்படிம்மா" என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். விதியை நான் எழுதவில்லை. கோட்டைப் போட்டது என் கைதான். முந்நூறு வருஷத்துக்கு முன்பே ஒருவர் அந்தக் கோடு இல்லாமல் கணக்கு எழுத வைத்திருக்கிறார் என்பது அன்று எனக்குத் தெரியாது.

ரிக்கே தன் சொத்தையும் இதில் போட்டுக் கடனாளி ஆனார். 1680 அக்டோபரில் இறந்தார், எழுபதைத் தாண்டிய வயது. அடுத்த மே மாதம் கால்வாய் திறந்தார்கள். கடனை அடைக்க வாரிசுகளுக்குப் பல்லாண்டுகள் பிடித்தன.

மாலையில் படகு கிளம்பியது. மனைவியும் மகளும் கரையைப் படம் எடுத்தார்கள். கை வெட்டிய அந்தக் கரையையே நான் பார்த்துக்கொண்டு வந்தேன்.