ஈ பெட்டி பெருசு

போன வாரம் பொண்ணுக்கு ஒரு வீட்டுப்பாடம். ஏழு இங்கிலீஷ் எழுத்தைக் கொடுத்து, இதை வெச்சு எத்தனை வார்த்தை வரும்னு கண்டுபிடிச்சுட்டு வரணும். நான் அஞ்சோட நின்னுட்டேன். எங்கப்பா பதினாலு எழுதினார். இதுல என்ன அதிசயம்னு கேக்கறீங்களா? அப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியாதுங்க.

அப்பா கோவை டவுன்ஹால் பக்கம் ஒரு அச்சாபீஸ்ல கம்பாசிட்டர். ஈய எழுத்துகளைப் பொறுக்கி ஸ்டிக்குல தலைகீழா அடுக்குற வேலை. மில்லுகளோட ஃபாரம், காலேஜ் நோட்டீஸ் எல்லாம் இங்கிலீஷ்லதான் வரும். அர்த்தம் தெரியாமலே கோர்ப்பார், புரூஃப்ல தப்பு இருக்காது. அப்ப நம்மூர்ல இந்தத் தொழிலுக்கு ஒரு மவுசு இருந்தது. பெரியநாயக்கன்பாளையம் பக்கம் மத்திய அரசு அச்சகம் வந்ததால அந்த இடத்துக்கே பிரஸ் காலனின்னு பேர். (2017-ல 17 அரசு அச்சகங்களை 5 ஆக்கறதுன்னு மத்திய அமைச்சரவை முடிவெடுத்துச்சு. நம்ம கோவை அந்த அஞ்சுல இல்லை. பேர் மட்டும் நிக்குது.)

லீவு நாள்ல அச்சாபீசுக்குக் கூட்டிட்டுப் போவார். "கண்ணு, ஈ பெட்டிதான் பெருசு, நடுவுல இருக்கும். இசட்டு, கியூ எல்லாம் ஓரத்துல சின்னப் பெட்டி. யாரும் கூப்பிட மாட்டாங்க"ம்பார். நான் ஏ, பி, சி படிச்ச வரிசை அதுதான்.

அந்தப் பெட்டிக்குள்ள ஒரு சரித்திரம் இருக்குன்னு பின்னாடிதான் தெரிஞ்சுது. மோர்ஸ் தந்திக் குறியீட்டுக்கு எந்த எழுத்து அதிகம் வருதுன்னு தெரிய, ஆல்ஃபிரட் வெய்ல் அச்சகத்துல எத்தனை எழுத்து வெச்சிருக்காங்கன்னு எண்ணினாராம். அதான் ஈ-க்கு ஒரே புள்ளி. நூறு வருஷம் கழிச்சு, 1930-கள்ல, வேலை போன கட்டடக் கலைஞர் ஆல்ஃபிரட் பட்ஸ் நியூயார்க் டைம்ஸ் பக்கத்தை வெச்சு எழுத்து எண்ணி ஒரு ஆட்டம் உருவாக்கினார். 1948-ல அதுக்கு ஸ்கிராபிள்னு பேர் வந்துச்சு. 100 வில்லையில ஈ மட்டும் 12. கியூவும் இசட்டும் ஒவ்வொண்ணுதான், ஆளுக்குப் பத்துப் பாயிண்ட். எஸ் நாலே நாலு. இல்லேன்னா எல்லா வார்த்தைக்கும் வால் ஒட்டியே ஜெயிச்சிருவாங்களே :-)

அப்பா இதையெல்லாம் படிச்சதில்லை. ஸ்டாப், ஸ்பாட், போஸ்ட், டாப்ஸ் எல்லாத்துக்கும் அதே நாலு பெட்டியிலதான் கை போகும்னு கைக்குத் தெரியும். இன்னைக்குக் கம்ப்யூட்டரும் இதையேதான் செய்யுது. ஒவ்வொரு வார்த்தையோட எழுத்தையும் அகரவரிசைல அடுக்கிப் பார்த்தா அந்த நாலும் ஓ, பி, எஸ், டின்னு ஒரே இடத்துல வந்து நிக்கும்.

சொல்லக் கூச்சமா இருக்கு, இருந்தாலும் சொல்லிடறேன். காலேஜ் சேர்ந்தப்ப ஃபாரத்துல அப்பா தொழில்ங்கற இடத்துல 'பிசினஸ்'னு எழுதினேன். இங்கிலீஷ் கோர்க்கிறவருக்கு இங்கிலீஷ் தெரியாதுன்னு ஒருத்தன் சிரிச்சான். நானும் சேர்ந்து சிரிச்சேன்.

2015-ல நைஜல் ரிச்சர்ட்ஸ்னு நியூசிலாந்துக்காரர் பிரெஞ்சு ஸ்கிராபிள் உலகப் போட்டியில ஜெயிச்சார். பிரெஞ்சு பேசத் தெரியாது. ஒன்பது வாரம் அகராதியை மனப்பாடம் பண்ணிட்டுப் போய் உட்கார்ந்தவர். 2024-ல ஸ்பானிஷ்லயும் அதே கதை. உலகமே கை தட்டுச்சு. அந்தச் செய்தியைப் படிச்சதும் எனக்கு அந்த ஃபாரம்தான் ஞாபகம் வந்துச்சு.

வீட்டுப்பாடம் முடிஞ்ச அன்னிக்கே ஒரு ஸ்கிராபிள் பெட்டி வாங்கிட்டு வந்தேன். அப்பா வில்லைகளைக் கொட்டி, முதல்ல ஈ எல்லாத்தையும் எண்ணினார். அப்புறம் பேத்தி பக்கம் திரும்பி, "இப்படி ஒரு வார்த்தை இருக்குதான்னு பாரு சாமி"ன்னு வரிசையா அடுக்கினார். அடுக்கினது தலைகீழா இருந்துச்சு. எதிர்ல உட்கார்ந்திருந்த அவளுக்கு நேரா.