குணாளனின் கண்களும் பாகவதரின் காசும்: ஒரு வீழ்ச்சிக் கதையின் ஊற்று

எம்.கே. தியாகராஜ பாகவதரின் இறுதிக் காலத்தைப் பற்றி எழுதுபவர்களில் பெரும்பாலோர் ஒரு காட்சிக்கு வந்து சேர்கிறார்கள். ஒரு கோவில். பார்வை மங்கிய பாகவதர் ஓரமாக உட்கார்ந்திருக்கிறார். வழியே போன ஒருவர் பிச்சைக்காரர் என்று எண்ணி அவர் கையில் காசு போட்டுவிட்டு நகர்கிறார். எந்த ஊர்க் கோவில், எவ்வளவு காசு, போட்டவர் யார் என்பதெல்லாம் சொல்பவருக்குச் சொல்பவர் மாறும். மாறாமல் நிற்பவை மூன்று: தெரியாத கண், ஏந்தாமலே ஏந்தியதாகிவிட்ட கை, அடையாளம் காணாத உலகம். தங்கத் தட்டில் சாப்பிட்டவர் என்ற செய்தி சில பக்கங்களுக்கு முன்பே தவறாமல் வந்திருக்கும். தட்டு இல்லாமல் காசுக்கு மதிப்பில்லை. பாகவதர் பொற்கொல்லர் குடும்பத்துப் பிள்ளை. அந்தத் தட்டுக்கு வேறொரு பொருளும் இருக்கலாம் என்பதை மட்டும் யாரும் பொருட்படுத்துவதில்லை.

இந்தக் காட்சியை இதுவரை இரண்டு விதமாக வாசித்திருக்கிறார்கள். பாகவதர் சிறை சென்ற, பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கு ஒரு கலைஞனை எந்த அளவுக்குச் சிதைத்தது என்பதற்கான சான்றாக ஒரு சாரார் இதைக் கொள்கிறார்கள். ரசிகர்களின் மிகையென்று இன்னொரு சாரார் ஒதுக்குகிறார்கள். அது நடந்ததா இல்லையா என்பதே இரு சாராருக்கும் கேள்வி. அந்தக் கேள்விக்கு இனி விடை கிடைக்கும் என்று நான் நம்பவில்லை. கிடைத்தாலும் அதனால் பெரிதாக ஒன்றும் தெளியப்போவதில்லை. வாழ்க்கை வரலாற்றாசிரியர்கள் இந்தக் காட்சிக்கான வடிவத்தை எங்கிருந்து பெற்றார்கள் என்பதே என் கேள்வி. அவர்கள் அதைப் பாகவதரின் படங்களிலிருந்தே பெற்றார்கள் என்பது இக்கட்டுரையின் துணிபு. தெரிந்து எடுத்தார்கள் என்று நான் சொல்லவில்லை. இத்தகைய கடனை யாரும் கணக்கு எழுதி வாங்குவதில்லை.

முதலில் இறுதி ஆண்டுகள். 1947 ஏப்ரலில் விடுதலையான பிறகு பாகவதர் ஐந்து படங்களில் நடித்தார். மொத்தம் 14 படங்களே நடித்த ஒருவருக்கு அது மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். 1952-இல் ‘அமரகவி’யும் ‘சியாமளா’வும் வந்தன. 1957-இல் வந்த ‘புது வாழ்வு’ அவரே இயக்கிய படம். ‘சிவகாமி’ அவர் மறைவுக்குப் பின் 1960-இல் வெளியானது. 1959 அக்டோபரில் பொள்ளாச்சியில் கச்சேரி செய்தார். நீரிழிவுக்கு அங்கே யாரோ கொடுத்த மூலிகை மருந்தைச் சாப்பிட்ட பின் உடல்நிலை மோசமாகி, சென்னைப் பொது மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, நவம்பர் 1-ஆம் தேதி 49-ஆம் வயதில் இறந்தார். பணம் குறைந்ததும் நோய் முற்றியதும் உண்மை. நீரிழிவு கண்ணைத் தொட்டதும் உண்மை. ஆனால் இறப்பதற்குச் சில நாள் முன்புவரை வெளியூருக்குக் கச்சேரிக்கு அழைக்கப்பட்ட ஒரு பாடகரை உலகம் அடையாளம் காண மறந்துவிட்டது என்று எழுத, ஆவணங்களைத் தாண்டிய வேறேதோ ஒன்று தேவைப்படுகிறது.

அந்த ஒன்று 1941-இல் ராஜா சந்திரசேகர் இயக்கிய ‘அசோக்குமார்’ என்றே கருதுகிறேன். அசோகனின் மகன் குணாளனாகப் பாகவதர், சிற்றன்னையாகக் கண்ணாம்பா, அசோகனாக நாகையா. சிற்றன்னையின் ஆசைக்கு இணங்காத இளவரசன் பொய்ப்பழிக்கு ஆளாகிக் கண்களை இழக்கிறான். மனைவியோடு பாடிப் பிச்சையெடுத்து அலைகிறான். முடிவில் பார்வை திரும்புகிறது. இதைக் காசுக் கதைக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பொய்ப்பழி, தண்டனை, கண்ணிழப்பு, பிச்சைக் கோலம், முன்பு இளவரசனாக இருந்தவனை அறியாத மக்கள். வழக்கு, சிறை, நீரிழிவு, கோவில் வாசல் என்று பெயர்களை மாற்றினால் போதும், வரிசைகூட மாறவில்லை. பாகவதர் ஏற்ற வேடங்களிலேயே மக்கள் முன்னால் குருடராக, பாடும் இரவலராக நின்ற வேடம் இது. மனதில் பதிந்த அந்த உருவத்தின்மேல் 1950-களின் நோயாளி போய் உட்கார்ந்தார் என்பதே என் வாசிப்பு.

தற்செயல் என்று ஒருவர் சொல்லலாம். நோய் கண்ணைத் தாக்கினால் கதையும் கண்ணைத்தானே பேசும்? பேசும். ஆனால் நோய் கோவில் வாசலையும் காசையும் கொண்டுவராது.

ஒரு படத்தின் கதை நடிகரின் வாழ்க்கைக்குள் இறங்க ஒரு வழி வேண்டும். அந்த வழியை 1944-க்கும் 1946-க்கும் இடையில் ‘ஹரிதாஸ்’ திறந்துவைத்தது. மூன்று தீபாவளி கண்ட படம் என்பது தமிழ் சினிமா வரலாற்றில் அதிகம் சொல்லப்பட்ட வாக்கியங்களில் ஒன்று. அதை ‘மூன்று ஆண்டு’ என்று பெருக்கியவர்களும் உண்டு. 1944 அக்டோபர் 16-இல் தீபாவளிக்கு வெளியான படம், 1946 அக்டோபர் தீபாவளியைத் தொட இரண்டு ஆண்டும் சில நாட்களும் போதும். ஓடிய நாட்களை எண்ணுவதோடு எல்லோரும் நின்றுவிடுகிறார்கள். அந்த நாட்களில் நாயகன் எங்கே இருந்தார்? 1944 நவம்பர் 8-இல் லட்சுமிகாந்தன் வேப்பேரியில் கத்தியால் குத்தப்பட்டு மறுநாள் இறந்தார். டிசம்பரில் பாகவதர் கைதானார். 1945 மே 3-இல் ஜூரியின் பெரும்பான்மைத் தீர்ப்பின்படி ஆயுள் தண்டனை. அக்டோபரில் உயர்நீதிமன்றத்தில் மேல்முறையீடு தோல்வி. பிரிவி கவுன்சில் வழக்கைத் திருப்பி அனுப்பிய பின் 1947 ஏப்ரலில் விடுதலை. அந்த மூன்று தீபாவளிகளில் முதலாவதை மட்டுமே பாகவதர் வெளியில் கொண்டாடினார்.

படத்தின் கதையைச் சொல்லத் தேவையில்லை என்றாலும் ஒரு வரியாவது வேண்டும்: பெற்றோரை உதறி, தாசி ரம்பாவின் மயக்கத்தில் சொத்தை இழந்து, முனிவரை அவமதித்துக் கால்களையும் இழந்த ஒருவன் மனந்திருந்தி மீண்டும் கால் பெறுகிறான். உயர்நீதிமன்றத்தையொட்டித் தொடங்கும் பிராட்வே சாலையில் இருந்த பிராட்வே திரையரங்கில் இந்தத் தண்டனையும் மன்னிப்பும் நாள்தோறும் நடந்துகொண்டிருந்தபோது, அதே நடிகர் நிஜமான தண்டனையில் இருந்தார். ரசிகர்களின் விசுவாசத்துக்கும் அவர் குற்றமற்றவர் என்ற நம்பிக்கைக்கும் அடையாளமாகவே இந்த ஓட்டம் இதுவரை வாசிக்கப்பட்டது. அதில் பாதி உண்மை இருக்கலாம். ஆனால் குற்றமற்றவனைக் காணக் கூட்டம் போகும் படமாக ‘ஹரிதாஸ்’ இல்லை. அதன் நாயகன் குற்றவாளி, நன்றாகவே குற்றவாளி. வழக்கில் அவர் நிரபராதி என்று நம்பியவரும் சந்தேகித்தவரும் அதே இருக்கைகளில் உட்கார்ந்து, செல்வமும் பெண்களின் மயக்கமும் மிகுந்த ஒருவன் அடிபட்டுத் திருந்துவதைப் பார்க்க முடிந்தது. படம் இருவருக்கும் இடம் கொடுத்தது. பின்னாளில் பாகவதர் வரலாற்றில் ‘அவர் குற்றம் செய்யவில்லை’ என்ற வாக்கியமும் ‘விதி அவரைத் தண்டித்தது’ என்ற வாக்கியமும் முரண்படாமல் ஒரே பத்தியில் வாழ்வது இதனால்தான்.

போர்க்காலத்தில் கச்சா பிலிம் கட்டுப்பாட்டால் படங்களின் நீளம் 11,000 அடிக்குள் சுருங்கியது; புதிய படங்களும் குறைவு; அதனால் ஓடிய படம் நெடுநாள் ஓடியது என்பார்கள். ஒப்புக்கொள்கிறேன். ஓட்டத்தின் நீளத்தை அது விளக்கும். அந்த நீளம் மனிதர்களின் மனதில் செய்த வேலையை விளக்காது.

என் வாதத்தைச் சோதிக்கப் பொருத்தமான இணை கையருகிலேயே இருக்கிறது. என்.எஸ். கிருஷ்ணன் அதே வழக்கில் அதே தண்டனை பெற்றார். அதே ஏப்ரலில் வெளியே வந்தார். ‘ஹரிதாஸ்’ படத்திலும் இருந்தார். 1957 ஆகஸ்ட் 30-இல் இறந்தபோது அவரிடமும் பெரும் செல்வம் இல்லை. அவருடைய வரலாற்றாசிரியர்கள் எழுதியது என்ன? கொடுத்துக் கொடுத்துக் கரைந்த வள்ளலின் கதை. அங்கே வறுமை தண்டனையாக ஆகவில்லை, புகழாக ஆனது. ‘நல்லதம்பி’ (1949), ‘மணமகள்’ (1951), ‘பணம்’ (1952) என்று அவர் தொடர்ந்து வெற்றி பெற்றதே காரணம் எனலாம். அதற்கும் எடை உண்டு. ஆனால் அந்த வெற்றிகளுக்கு முன்பே அவர் திரையில் ஏற்றிருந்த உருவம் வேறு. போலிகளைக் கேலி செய்து, மற்றவருக்குப் புத்தி சொல்லும் கலைவாணர் அவர். தண்டிக்கப்பட்டுத் திருந்தும் வேடம் அவருக்குரியதாக இருக்கவில்லை. ஒரே வழக்கும் ஒரே சிறையும் இரண்டு வேடங்கள் வழியாக இறங்கி இரண்டு புராணங்களாகப் பிரிந்தன. வழக்கே வாழ்வைச் சிதைத்தது என்போர் இந்தப் பிரிவுக்கு இதுவரை விளக்கம் தரவில்லை. எதிர்முனையில், 1951-இல் 35 வயதில் மறைந்த, பாகவதரின் சமகால நாயக நடிகரான பி.யு. சின்னப்பாவுக்குப் புதுக்கோட்டை வீடுகள் பற்றிய கதைகள் உண்டே தவிர வீழ்ச்சிக் கதை இல்லை.

எனினும் ஓர் இடறல் இருக்கிறது. குணாளனுக்குக் கண் திரும்புகிறது. ஹரிதாஸுக்குக் கால் திரும்புகிறது. வரலாற்றாசிரியர்கள் படங்களைப் பின்பற்றினார்கள் என்றால் முடிவை ஏன் விட்டுவிட்டார்கள்? 1947 விடுதலையே மீட்சிக் காட்சியாக இருந்திருக்க வேண்டும். அதற்கு முயன்றவர் பாகவதரே என்று தோன்றுகிறது. பூனாவில் தம் சொந்தத் தயாரிப்பாக எடுத்து 1948-இல் வெளியிட்ட ‘ராஜமுக்தி’ அந்த முயற்சி. பழைய ‘அசோக்குமார்’ இயக்குநரையே அவர் மீண்டும் அழைத்தார் என்பதைத் தற்செயலாக எடுத்துக்கொள்ள எனக்கு மனமில்லை. படம் தோற்றது. திரையில் ஏறாத மீட்சியைப் புத்தகத்தில் ஏற்ற யாருக்கும் துணிவு வரவில்லை. வீழ்ச்சி சிறையிலிருந்து நகர்ந்து 1950-களுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. ஒரே படம் இரண்டு வாழ்க்கை வரலாறுகளில் எப்படி வேறுபட்டு நிற்கிறது என்பதும் கவனிக்கத்தக்கது. ‘ராஜமுக்தி’க்கு எழுதப் பூனா போன புதுமைப்பித்தன் அங்கே காசநோய் முற்றி 1948 ஜூன் 30-இல் இறந்தார். அவர் வரலாற்றில் அந்தப் படம் ஓர் எழுத்தாளனைக் காவு கொண்டது. பாகவதர் வரலாற்றில் அது ஒரு பட்டியல் வரி.

இவையெல்லாம் மேல்தட்டு வாசிப்பு, சாதாரண ரசிகனுக்கும் இதற்கும் தொடர்பில்லை என்ற மறுப்பு நீண்ட பதிலுக்கு உரியதல்ல. சிங்கப்பெருமாள் கோவிலில் நின்று ஒரகடத்துத் தொழிற்சாலைக்கு ஷிப்ட் பஸ் ஏறும் ஓர் இளைஞனுக்குப் பாகவதர் என்ற பெயர் தெரிந்திருந்தால், பாட்டைவிடக் காசுக் கதை வழியாகவே தெரிந்திருக்க வாய்ப்பு அதிகம். படம் பார்க்காதவரிடமும் படத்தின் காட்சி வந்து சேர்ந்திருக்கிறது. வரலாற்றாசிரியர்கள் செய்த வேலை அதுதான்.

‘அசோக்குமார்’, ‘ராஜமுக்தி’ இரண்டிலும் துணை வேடம் ஏற்றவர் எம்.ஜி. ராமச்சந்திரன். தண்டனையும் மீட்சியும் எப்படி அடுக்கப்படுகின்றன என்பதை அவர் படப்பிடிப்புத் தளத்திலேயே பார்த்தவர். 1967 ஜனவரி 12-இல் சக நடிகர் எம்.ஆர். ராதா அவரைச் சுட்டார். கழுத்துக் கட்டோடு மருத்துவமனையில் கிடந்த படம் அடுத்த மாதத் தேர்தலுக்குள் சுவர்களில் ஏறியது. பரங்கிமலையில் அவர் வென்றார். காயத்துக்கும் மீட்சிக்கும் இடையே அவர் தரப்பு சில வாரங்களைத்தான் விட்டது. பாகவதர் விஷயத்தில் அந்த இடைவெளி பத்தாண்டுக்கும் மேல் திறந்தே கிடந்தது. அதற்குள் எழுதுபவர்கள் புகுந்துவிட்டார்கள். எம்.ஜி.ஆரின் வரலாற்றாசிரியர்களுக்கு, தொண்டைக் காயத்தால் மாறிய குரலைக்கூட வெற்றியின் பகுதியாகவே எழுத வேண்டியிருந்தது.