பெல்லின் ஏழு மில்லிமீட்டர்

போன் வாங்குறதுக்கு முன்னாடி ரெண்டு ஸ்பெக் ஷீட்டைப் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்ப்போமே, வேட்டை ரைஃபிள்களின் உலகத்தில் இந்த வியாதி நூறு வருஷத்துக்கு முன்பே பரவிவிட்டது.

1911இல் லண்டனின் ஜான் ரிக்பி நிறுவனம் .416 தோட்டாவைக் கொண்டுவந்தது. அடுத்த வருஷமே ஹாலண்ட் அண்ட் ஹாலண்டின் .375 மேக்னம். பெரிய ஒயின் பாட்டிலின் பெயர்தான் மேக்னம். கூடுதல் வெடிமருந்து பிடிக்கும் தோட்டாவுக்கும் அது ஒட்டிக்கொண்டது. ரிக்பி தன் தோட்டாவின் பெயரில் அதைச் சேர்க்கவில்லை. ஆனால் கூடு அதைவிடப் பெரிசு.

ஏன் இவ்வளவு பெரிய கூடு? அன்றைய பிரிட்டிஷ் வெடிமருந்தான கார்டைட், வெயிலில் சூடேறினால் அழுத்தம் எகிறும். ஆப்பிரிக்க மதியத்தில் சுட்ட தோட்டாவின் காலிக் கூடு துப்பாக்கிக்குள் சிக்கிக்கொண்டு, எதிரே காயம்பட்ட யானை நின்றால் கதை முடிந்தது. அதனால் ரிக்பி, கூட்டைப் பெரிதாக்கி அழுத்தத்தைக் குறைத்தது. ஹாலண்ட், கூட்டை நீளமாகச் சரித்தது. அப்படிச் சரித்த கூடு சரியான இடத்தில் நிற்க அடியில் ஒரு பட்டையும் வைத்தது. எனக்கு இந்த ஜோடியில் பிடித்த விஷயம் இதுதான், ஜூல் கணக்கு இல்லை.

கணக்கும் சொல்லிவிடுகிறேன். .375இன் குண்டு 19 கிராம், ஆற்றல் சுமார் 5,800 ஜூல். .416இல் 27 கிராம், 6,900 ஜூல்.

இந்த அட்டவணையைக் குழப்பியவர் ஸ்காட்லாந்துக்காரர் டபிள்யூ.டி.எம். பெல். உகாண்டாவின் கரமோஜாவில் வேட்டையாடியதால் 'கரமோஜோ பெல்'. ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைக் கொன்றார். பெரும்பாலானவை 7 மில்லிமீட்டர் மவுசர் தோட்டாவால். 11 கிராம் குண்டு, சுமார் 2,700 ஜூல். .375இன் பாதிகூட இல்லை! செத்த யானையின் மண்டையை ரம்பத்தால் அறுத்து, மூளை எங்கே இருக்கு, எந்தக் கோணத்தில் எப்படிப் போய்ச் சேரணும்னு பார்த்து வைத்திருந்தார். நீளமான, கடினமான அந்தக் குண்டு எலும்பில் வளையாமல் நேராகப் போனது. உதை குறைவு என்பதால் குறியும் பிசகவில்லை.

"அப்ப மேக்னம் எதுக்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. பெல்லுக்கு இது தினசரிப் பிழைப்பு. வருஷத்துக்கு ஒருமுறை வருபவனுக்குக் கை நடுங்கும். பின்னாளில் பல ஆப்பிரிக்க நாடுகள் ஆபத்தான பெரிய விலங்குகளுக்கு .375ஐக் குறைந்தபட்சமாகச் சட்டத்தில் எழுதின. குறி தவறுபவனுக்கான சட்டம் அது. எங்க பாஷையில் சொன்னா எர்ரர் ஹேண்ட்லிங். ஆனால் வயிற்றில் பட்டால் 6,900 ஜூலும் யானையை விழ வைக்காது, புதருக்குள் ஓடவைக்கும். பிறகு அது சாக எத்தனை நாளாகும் என்பதற்கு எந்த அட்டவணையிலும் ஒரு கட்டம் கிடையாது.

பெல்லின் ஆயிரம் யானைகளும் விழுந்தது தந்தத்துக்காக. அந்தக் காலத்தில் தந்தம் போய்ச் சேர்ந்த இடங்கள் பியானோ கட்டைகளும் பில்லியர்ட்ஸ் பந்துகளும்.