ஏழரை அடி உயர அகதியும் ஒரு தேசிய அணியும்

2024 நவம்பர் 25ஆம் திகதி, சென்னை நேரு உள்ளரங்கில் இந்திய ஆண்கள் கூடைப்பந்து அணி கசாக்கஸ்தானை 88–69 என்ற புள்ளிக் கணக்கில் வென்றது. ஆசியக் கிண்ணத்துக்கான தகுதிகாண் ஆட்டம் அது. கிரிக்கெட்டுக்குப் பக்கங்களை ஒதுக்கும் நம் பத்திரிகைகளில் அந்த வெற்றி சில வரிகளோடு முடிந்துபோனது. சட்டனில் இருக்கும் எனக்கோ, வென்ற அணியைவிடத் தோற்ற அணியைப் பற்றித் தேடிப் படிக்கும் ஆவல் பிறந்தது. கசாக் பெயர்களும் ரஷ்யப் பெயர்களும் கலந்து நிற்கும் அணி அது. சில ஆண்டுகளில் ஓர் அமெரிக்கப் பெயரும் சேர்ந்திருக்கும். அந்தக் கலப்புக்குப் பின்னால் ஒரு நாடுகடத்தலின் வரலாறு இருக்கிறது.

சோவியத் காலத்தில் கசாக்கஸ்தான் என்பது வேண்டாதவர்களைக் கொண்டுபோய் இறக்கும் புல்வெளி. 1937இல் சோவியத்தின் கிழக்கு எல்லையில் வாழ்ந்த ஏறத்தாழ 1,70,000 கொரியர்களை ரயிலேற்றி மத்திய ஆசியாவுக்கு அனுப்பினார் ஸ்டாலின். 1941இல் வொல்கா நதிக்கரை ஜெர்மானியர்கள் வந்தார்கள். 1944 பெப்ரவரி 23இல் செச்சென், இங்குஷ் மக்களின் முறை. அரை மில்லியன் பேரளவில் ரயில் பெட்டிகளில் அடைக்கப்பட்டார்கள். இறங்கிய இடத்தில் கண்காணிப்பு அதிகாரியிடம் போய்க் கையெழுத்திட வேண்டும். அனுமதியின்றி அந்த இடத்தை விட்டுத் தப்பினால் இருபது ஆண்டுக் கடூழியம் என்று 1948இல் ஆணை வந்தது.

அந்த ரயில்களில் வந்த பிள்ளைகளில் ஒருவர் உவைஸ் அக்தாயெவ். அப்போது அவருக்குப் பதின்மூன்று வயது. வளர்ந்தபோது ஏழரை அடியையும் தாண்டினார். அல்மா-அட்டாவின் புரெவெஸ்த்னிக் கழகம் அவரைக் கூடைப்பந்தாட்டத்துக்கு எடுத்துக்கொண்டது. சோவியத் அரங்குகளில் அவரைப் பார்க்கவென்றே கூட்டம் சேர்ந்தது. பத்திரிகைகள் அவரை 'வஸீலி' என்று எழுதின. உவைஸ் என்ற பெயர் ரஷ்ய வாய்க்கு வசதிப்படவில்லை போலும். இலண்டன் வகுப்பறைகளில் பெயர் பாதியாக வெட்டுப்பட்ட பிள்ளைகள் நம் வீடுகளிலும் இருக்கிறார்கள்.

1952இல் ஹெல்சிங்கியில் சோவியத் ஒன்றியம் முதன்முறையாக ஒலிம்பிக்கில் ஆடியது. கூடைப்பந்து இறுதியாட்டத்தில் அமெரிக்காவிடம் 36–25 என்று தோற்றது. அந்த அமெரிக்க அணியில் பொப் கர்லண்ட் என்ற ஏழடி வீரர் இருந்தார். அவரையும்விட உயரமான ஒருவர் சோவியத் மண்ணிலேயே, அல்மா-அட்டாவில் இருந்தார். ஆனால் அவர் தண்டிக்கப்பட்ட இனத்தின் மகன். வெளிநாடு போக அனுமதி இல்லை. தேசிய அணியின் சட்டையை அக்தாயெவ் ஒருநாளும் அணியவில்லை. 1957இல் செச்சென் மக்கள் ஊர் திரும்ப வழி பிறந்தது. அவர் 1978இல் இறந்தார். ஓர் அரசு பதக்கத்தை இழந்தாலும் இழக்கும், ஓர் அகதியை நம்பாது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் விளையாட்டு வரலாறு எனக்குத் தெரியாது.

அதே நகரம் பிற்பாடு வேறு விதமாகவும் பேர் பெற்றது. அல்மா-அட்டா இராணுவக் கழகத்தில் உருவான வலேரி திகொனென்கோ, 1988 சியோல் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற சோவியத் அணியில் ஆடினார். ரஷ்யப் பின்புலம் கொண்ட அவருக்கு அக்தாயெவுக்குப் பூட்டியிருந்த கதவு திறந்தே இருந்தது.

1991 டிசம்பர் 16இல் கசாக்கஸ்தான் தனிநாடானது. அதற்கு இரண்டாண்டு முந்திய குடிசன மதிப்பில் கசாக்கியர் சுமார் 40 வீதம், ரஷ்யர் சுமார் 38 வீதம். தேசிய அணி என்று ஒன்றைக் கட்டியபோது யாரைத் 'தேசம்' என்று எண்ணுவது என்ற கேள்வி எழுந்திருக்க வேண்டும். நடைமுறையில் கிடைத்த விடை எளிமையானது: இங்கே இருப்பவர் எல்லாரும். அந்த அணி 2002 பூசான் ஆசிய விளையாட்டு விழாவில் பிலிப்பைன்ஸை நெருக்கமான ஆட்டத்தில் வென்று வெண்கலம் பெற்றது. 2007 ஆசியக் கிண்ணத்தில் நான்காம் இடம். பிறகு அந்தோனி கிளெமன்ஸ் என்ற அமெரிக்கர், அஸ்தானா கழகத்துக்கு ஆடவந்து, கசாக்கஸ்தான் குடியுரிமை பெற்றுத் தேசிய அணிக்கும் ஆடினார்.

இதற்குச் சர்வதேசக் கூடைப்பந்துச் சம்மேளனம் ஒரு வரம்பு வைத்திருக்கிறது. பதினாறு வயதுக்குப் பின் ஒரு நாட்டின் குடியுரிமை பெற்றவர்களில் ஒருவர் மட்டுமே அணியில் இருக்கலாம். நம் பிள்ளைகளுக்கு இது வெறும் ஆட்டவிதி அல்ல. சட்டனில் பிறந்த தமிழ்ப் பிள்ளை இந்தியாவுக்கு ஆட விரும்பினால் பிரித்தானியக் கடவுச்சீட்டைக் கைவிட வேண்டும். இந்தியா இரட்டைக் குடியுரிமை தருவதில்லை, வெளிநாட்டு இந்தியக் குடிமகன் அட்டை வைத்திருப்போர் தேசிய அணிகளில் ஆடவும் 2008 முதல் இடமில்லை. இலங்கை இரட்டைக் குடியுரிமை தருகிறது. ஆனால் எந்த அரசிடமிருந்து பெற்றோர் ஓடிவந்தார்களோ அதன் சின்னத்தை நெஞ்சில் குத்திக்கொள்வதா என்ற கேள்விக்குப் படிவங்களில் இடமில்லை.

ஒருவர் அந்தக் கேள்வியை ஆடியே கடந்தார். யாழ்ப்பாணம் புன்னாலைக்கட்டுவனைச் சேர்ந்த தர்ஜினி சிவலிங்கம், ஏறத்தாழ ஆறடி பத்து அங்குலம். கூடைப்பந்தின் பிள்ளையான வலைப்பந்தாட்டத்தில் இலங்கை அணியின் தூண். போர் முடிந்த அதே 2009இல் இலங்கை ஆசியக் கிண்ணத்தை வென்றது. 2018இல் மீண்டும் வென்றது. இரண்டிலும் அவர் இருந்தார். அக்தாயெவுக்குக் கிடைக்காத சட்டை அவருக்குக் கிடைத்தது. அது அவருடைய மக்களின் குறைகளைத் தீர்த்ததா என்று கேட்பவர்கள், ஓர் ஆட்டக்காரியின் தோளில் எவ்வளவு ஏற்றலாம் என்றும் யோசிக்க வேண்டும்.

அதே 2018இல் வேறொரு வழி நம் வாசலுக்கே வந்தது. ஃபிஃபாவில் இடமில்லாத மக்களுக்கான கொனிஃபா உலக உதைபந்தாட்டக் கிண்ணம் இலண்டனில் நடந்தது. சட்டன் யுனைடெட்டின் காண்டர் கிரீன் லேன் திடலும் அதற்குப் பயன்பட்டது. தமிழீழ அணி பல நாடுகளில் வளர்ந்த இளைஞர்களோடு வந்து, சோமாலியக் கரையோர நகரான பராவாவின் பெயரில் ஆடிய அணியிடம் முதல் ஆட்டத்தில் தோற்றது. அந்த அணிகளுக்குக் கடவுச்சீட்டு அச்சிடும் அரசுகள் இல்லை.

இவை எதுவும் முடிந்த வழிகள் அல்ல. சட்டனிலிருந்து அதிக தூரமில்லாத சவுத் நோர்வூட்டில் வளர்ந்த லுவால் டெங், சூடானிலிருந்து எகிப்து வழியாக வந்த அகதிக் குடும்பத்துப் பிள்ளை. 2012 இலண்டன் ஒலிம்பிக்கில் பிரித்தானியாவுக்கு ஆடினார். பிறகு 2011இல் தனிநாடான தென்சூடானின் கூடைப்பந்துச் சம்மேளனத் தலைவரானார். 2024 ஜூலையில், இலண்டன் ஓ2 அரங்கில், அவர் கட்டியெழுப்பிய அணி அமெரிக்காவிடம் ஒரே ஒரு புள்ளியில்தான் தோற்றது: 101–100. அடுத்து பாரிஸ் ஒலிம்பிக்கில் புவெர்ட்டோ ரிக்கோவை வென்றது.

டெங்குக்கு ஒரு சட்டை மற்றதை மறுக்கவில்லை. அவருக்குப் போக ஒரு நாடு உருவாகியிருந்தது, அது உண்மை. ஆனால் வளர்த்த நாட்டுக்கு ஆடியதை அவர் மறைக்கவும் இல்லை, பிறந்த மண்ணை மறக்கவும் இல்லை. சனிக்கிழமைகளில் தமிழ் வகுப்பு முடிந்து பூங்காவின் கூடைக்கு அடியில் பந்து தட்டும் நம் பிள்ளைகளிடம், நீ எந்த நாட்டுக்காரன் என்று கேட்கும் முன் இந்தக் கதைகளைச் சொல்லலாம். விடையை அவர்கள் பதினாறு வயதுக்குள் சொல்லவேண்டும் என்பது சம்மேளனத்தின் விதி. வீட்டில் அந்த அவசரம் வேண்டியதில்லை.