கைமாறிய பங்குகள்: ஹாங்காங் குறியீட்டு நிதியின் கதை

பொருளாதார வரலாறு என்றதும் நம்மில் பலர் பக்கத்தைப் புரட்டிவிடுவதுண்டு. போர்களுக்கும் அரச மரபுகளுக்கும் இலக்கிய அன்பர்கள் தரும் இடத்தைப் பணத்தின் கதைக்கு நாம் தருவதில்லை. ஆயினும் அண்மைக்கால ஆசிய வரலாற்றைப் படிக்க முனைவோர் 1998ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தின் இரண்டு வாரங்களைத் தாண்டிச் செல்வது அரிது. தடையற்ற சந்தையையே தன் வேதமாகக் கொண்டிருந்த ஹாங்காங் அரசு, அந்த இரண்டு வாரங்களில் தானே சந்தைக்குள் இறங்கிப் பங்குகளை வாங்கிக் குவித்தது. வாங்கியதை எப்படித் திருப்பித் தருவது என்ற கேள்விக்கு விடையாகப் பிறந்ததே ஹாங்காங்கின் முதல் ஈ.டி.எஃப். பங்குகளைப் போலவே சந்தையில் கைமாறும் குறியீட்டு நிதி அது.

அந்தக் கருவி எங்கிருந்து வந்தது என்பதை முதலில் பார்த்துவிடுவோம். 1990இல் கனடாவின் டொரொன்டோ நகரில் இதன் முதல் வடிவம் தோன்றியது. 1993 ஜனவரியில் அமெரிக்கப் பங்குச் சந்தையில் எஸ் அண்ட் பி 500 குறியீட்டெண்ணைப் பின்தொடரும் நிதி வந்தது. அதை உருவாக்கியவர்களில் முதன்மையானவர் நேதன் மோஸ்ட். சரக்கு வணிகத்தில் பழகியவரான அவர், பண்டகசாலை ரசீதிலிருந்து இந்த யோசனையைப் பெற்றார் என்பர். மூட்டைகள் கிடங்கில் இருக்க, ரசீது மட்டும் கை மாறிக்கொண்டே இருக்கும் அல்லவா? அதுபோலவே பங்குகள் ஓரிடத்தில் வைப்பில் இருக்கும். அவற்றின் மீதான உரிமைச் சீட்டுகள் சந்தையில் நாள் முழுதும் விற்கப்படும், வாங்கப்படும். பெரிய வணிகர் ஒருவர் குறியீட்டெண்ணில் உள்ள பங்குகள் அனைத்தையும் உரிய விகிதத்தில் ஒரு கூடையாகக் கொண்டுவந்து ஒப்படைத்தால், நிதி அவருக்குப் புதிய அலகுகளைத் தரும். அலகுகளைத் திருப்பித் தந்தால் கூடையைப் பெற்றுக்கொள்ளலாம். இந்த இருவழிப் பாதை திறந்திருக்கும் வரை அலகின் விலை கூடையின் மதிப்பைவிட்டு அதிகம் விலகாது.

1996 மார்ச்சில் இக்கருவி நாடுவாரியாகவும் வந்தது. நியூயார்க்கில் அமர்ந்தபடியே ஜப்பான், ஹாங்காங், சிங்கப்பூர், மலேசியா ஆகிய நாடுகளின் சந்தைகளை ஒரே சீட்டில் வாங்க முடிந்தது. ஆசியாவின் வளர்ச்சி உலகெங்கும் வியந்து பேசப்பட்ட காலம் அது. அடுத்த ஆண்டே நிலைமை தலைகீழானது.

1997 ஜூலை 1 அன்று ஹாங்காங் சீனாவிடம் ஒப்படைக்கப்பட்டது. மறுநாள் தாய்லாந்து தன் பாட் நாணயத்தின் பிடியை விட்டது. அங்கே தொடங்கிய சரிவு இந்தோனேசியா, மலேசியா, தென்கொரியா என்று பரவியது. ஹாங்காங் டாலரோ 1983 முதல் ஓர் அமெரிக்க டாலருக்கு 7.80 என்ற விகிதத்தில் கட்டப்பட்டிருந்தது. அந்தக் கட்டு அறுந்துவிடும் என்று கணித்த ஊக வணிகர்கள் அதன்மீது பாய்ந்தனர்.

அவர்கள் கையாண்ட உத்தி எளிமையானது, ஆகவே கொடியது. ஹாங்காங் டாலர்களை முன்கூட்டியே கடன் வாங்கிச் சேர்த்துக்கொண்டார்கள். ஹாங் செங் குறியீட்டெண் வீழும் என்று முன்பேரச் சந்தையில் விற்று வைத்தார்கள். பிறகு கையிலிருந்த ஹாங்காங் டாலர்களைக் கொட்டி அமெரிக்க டாலர்களைக் கேட்டார்கள். கட்டிவைத்த நாணயத்தின் விதிப்படி, அரசு தன் நாணயத்தை வாங்கிக்கொள்ளும் ஒவ்வொரு முறையும் உள்ளூரில் பணப்புழக்கம் சுருங்கும், வட்டி ஏறும். வட்டி ஏறினால் பங்குகள் வீழும். பங்குகள் வீழ்ந்தால் முன்பேரத்தில் லாபம். நாணயம் உடைந்தால் இரட்டை லாபம். உடையாவிட்டாலும் ஒரு லாபம் உறுதி. 1997 அக்டோபர் 23 அன்று வங்கிகளுக்கிடையிலான ஓர் இரவுக் கடனுக்கான வட்டி ஆண்டுக்கு 280 விழுக்காடு வரை உயர்ந்தது. அன்று ஒரு நாளில் குறியீட்டெண் பத்து விழுக்காட்டுக்கு மேல் சரிந்தது. 1997 ஆகஸ்டில் 16,673 என்ற உச்சத்தில் இருந்த ஹாங் செங், ஏறத்தாழ ஓராண்டில், 1998 ஆகஸ்டு 13 அன்று 6,660இல் நின்றது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. நிதிச் செயலர் டொனால்டு சாங், நாணய ஆணையத்தின் தலைவர் ஜோசப் யாம் ஆகியோரின் முடிவின்படி அரசு பங்குகளை வாங்கத் தொடங்கியது. ஜான் கௌபர்த்வெயிட் அறுபதுகளில் வகுத்துத் தந்த தலையிடாக் கொள்கையில் ஊறிய நிர்வாகம் அது. ஆகஸ்டு மாத முன்பேர ஒப்பந்தங்களுக்குக் கணக்குத் தீர்க்கும் நாளான 28ஆம் தேதி வரை அந்தக் கொள்முதல் நீடித்தது. இறுதி நாளில் மட்டும் சந்தையில் 7,900 கோடி ஹாங்காங் டாலர் அளவுக்கு வணிகம் நடந்தது. அது அன்றைய உச்சம். விற்பவர்கள் விற்றுக்கொண்டே இருக்க, வாங்குபவராக எதிரே நின்றது பெரும்பாலும் அரசுதான். மாலையில் குறியீட்டெண் 7,829இல் முடிந்தது. அரசு செலவிட்டது மொத்தம் 11,800 கோடி ஹாங்காங் டாலர்; அதாவது சுமார் 1,500 கோடி அமெரிக்க டாலர். குறியீட்டெண்ணில் இருந்த 33 நிறுவனங்களிலும் அரசு பங்குதாரரானது.

வெற்றி முழுவதையும் அந்த இரண்டு வாரங்களின் கணக்கில் எழுதிவிட முடியாது. ஆகஸ்டு 17 அன்று ரஷ்யா தன் கடனைத் திருப்பித் தர இயலாது என்று அறிவித்ததும், ஊக நிதிகள் பல அங்கே பெரும் நட்டமடைந்து பின்வாங்க வேண்டியதாயிற்று. ஆலன் கிரீன்ஸ்பான், மில்டன் ஃப்ரீட்மன் போன்றோர் ஹாங்காங்கைக் கடுமையாகக் கண்டித்தனர். அவர்கள் எழுப்பிய ஐயத்தில் நியாயமும் இருந்தது. நடுவராக இருக்க வேண்டியவர் ஆட்டக்காரராகிவிட்டால் ஆட்டம் என்னாவது? வங்கிகளைக் கண்காணிக்கும் அரசே வங்கியின் பங்குதாரராக இருக்கலாமா?

மலேசியா வேறு பாதையில் சென்றது. 1998 செப்டம்பர் 1 அன்று மூலதனக் கட்டுப்பாடுகளை அறிவித்து, ரிங்கிட்டை ஒரு டாலருக்கு 3.80 என்று கட்டியது. நியூயார்க்கில் விற்றுக்கொண்டிருந்த மலேசிய நிதிக்குப் புதிய அலகுகளை உருவாக்கும் வழி அடைபட்டது. கிடங்கின் கதவு மூடியபின் ரசீதுக்கு என்ன விலை என்று யாரால் சொல்ல முடியும்?

ஹாங்காங்கின் சிக்கல் இதற்கு நேர் எதிரானது. அதன் கிடங்கு நிரம்பி வழிந்தது. பங்குகளை ஒவ்வொன்றாக விற்றால், காப்பாற்றிய சந்தையை அரசே வீழ்த்தியதாகும். ஒரு பெருமுதலாளியிடம் மொத்தமாக விற்றால் ஊர் பேசும். 1998 அக்டோபரில், முன்னாள் தலைமை நீதிபதி யாங் தி-லியாங் தலைமையில் இதற்கென ஒரு நிறுவனம் அமைந்தது. குறியீட்டெண் முழுவதையும் அதன் விகிதத்திலேயே வாங்கியிருந்ததால், ஈ.டி.எஃப். ஒன்றைத் தொடங்கத் தேவையான கூடை அரசிடம் ஏற்கெனவே தயாராக இருந்தது. கூடையை ஒப்படைத்து அலகுகளாக்கி மக்களிடம் விற்பதுதான் எஞ்சியிருந்த வேலை.

1999 நவம்பர் 12 அன்று டிராக்கர் ஃபண்ட் என்னும் அந்த நிதி, 2800 என்ற எண்ணோடு சந்தைக்கு வந்தது. முதல் வெளியீட்டில் 3,330 கோடி ஹாங்காங் டாலர் திரண்டது. ஜப்பான் நீங்கலான ஆசியாவில் அதுவரை அத்தனை பெரிய வெளியீடு நடந்ததில்லை. சிறு முதலீட்டாளர்களுக்கு ஐந்து விழுக்காட்டுக்குச் சற்று மேல் தள்ளுபடி தந்தார்கள். விற்காமல் பொறுமையோடு வைத்திருப்போருக்குக் கூடுதல் அலகுகளும் உண்டு என்றார்கள். அதன்பின் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, சந்தை தாங்கும் அளவுக்குச் சிறுசிறு பகுதிகளாகப் பங்குகள் வெளிவந்தன. 2002 அக்டோபரில் அந்த ஏற்பாடு முடிவடைந்தபோது 14,040 கோடி ஹாங்காங் டாலர் மதிப்புள்ள பங்குகள் சந்தைக்குத் திரும்பியிருந்தன. ஒரு பகுதியை மட்டும் அரசு நீண்டகால முதலீடாக வைத்துக்கொண்டது.

இந்த முன்மாதிரி இந்தியாவிலும் எதிரொலித்தது. இங்கே 2001 டிசம்பரில் நிஃப்டி பீஸ் என்ற முதல் ஈ.டி.எஃப். அறிமுகமானது, பல ஆண்டுகள் அதைப் பெரும்பாலோர் பொருட்படுத்தவில்லை. 2014 மார்ச்சில் மத்திய அரசு, பொதுத்துறை நிறுவனங்களில் தனக்கிருந்த பங்குகளில் ஒரு பகுதியை ஈ.டி.எஃப். வழியாக விற்று 3,000 கோடி ரூபாய் திரட்டியது. தள்ளுபடி, ஓராண்டு வைத்திருப்போருக்குக் கூடுதல் அலகு என எல்லாமே ஹாங்காங்கை நினைவூட்டின. 2015 ஆகஸ்டு முதல் தொழிலாளர் வருங்கால வைப்பு நிதி, தன்னிடம் புதிதாகச் சேரும் தொகையில் ஒரு பங்கை ஈ.டி.எஃப்.களில் இடத் தொடங்கியது. முதலில் 5 விழுக்காடு. 2017இல் 15 விழுக்காடு. பங்குச் சந்தை என்றாலே சூதாட்டம் என்று ஒதுங்கி நிற்கும் கோவை ஆலைத் தொழிலாளியின் சேமிப்பிலும் இவ்வாறு ஒரு துளி சந்தைக்குள் போயிற்று.

ஜப்பானின் கதை மறுமுனையில் நிற்கிறது. அதன் மைய வங்கி 2010 டிசம்பரில் ஈ.டி.எஃப்.களை வாங்கத் தொடங்கியது. தொடக்கத்தில் உச்சவரம்பு 45,000 கோடி யென். ஆண்டுக்கு ஆண்டு வரம்பு ஏறி, 2020 மார்ச்சில் ஆண்டுக்கு 12 லட்சம் கோடி யென் வரை போனது. 2024 மார்ச்சில் புதிய கொள்முதலை நிறுத்தியபோது, வாங்கிய விலையில் சுமார் 37 லட்சம் கோடி யென் மதிப்புள்ள அலகுகள் வங்கியின் கைவசம் இருந்தன. 2025 செப்டம்பரில் அவற்றை விற்க முடிவெடுத்தார்கள். ஆண்டுக்கு வாங்கிய விலையில் சுமார் 33,000 கோடி யென் என்பது திட்டம். வகுத்துப் பார்த்தால் நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகும். ஹாங்காங் நான்கு ஆண்டுகளில் முடித்ததை ஜப்பான் நான்கு தலைமுறைகளுக்கு எழுதி வைத்திருக்கிறது.

சரி, 1999இல் வாங்கிய ஹாங்காங்வாசி என்ன பெற்றார்? வெளியீட்டு விலை 12.88 டாலர். 2003இல் சார்ஸ் நோய் பரவியபோது குறியீட்டெண் 8,400 அளவுக்கு இறங்கியது. 2018 ஜனவரியில் 33,000ஐத் தாண்டியது. 2022 அக்டோபர் இறுதியிலோ 15,000க்கும் கீழே முடிந்தது. இருபத்து மூன்று ஆண்டுகள் பொறுமை காத்தவருக்கு அன்று கையில் மிஞ்சியது பெரும்பாலும் ஈவுத்தொகைதான். நீண்டகாலம் காத்திருந்தால் சந்தை ஏறியே தீரும் என்று நமக்குச் சொல்லப்படும் பாடம் அமெரிக்க அனுபவத்திலிருந்து எடுக்கப்பட்டது. அது எல்லா ஊருக்கும் பொருந்துவதில்லை.

அரசியலும் இந்த நிதியை விட்டுவைக்கவில்லை. சீன நிறுவனங்கள் சிலவற்றில் அமெரிக்கர்கள் முதலீடு செய்யக் கூடாது என்று வாஷிங்டன் தடை விதித்ததும், 2021 ஜனவரியில் டிராக்கர் நிதியின் அமெரிக்க மேலாளர் அந்தப் பங்குகளைப் புதிதாக வாங்குவதை நிறுத்துவதாக அறிவித்தார். இரண்டொரு நாளில் அறிவிப்பைத் திரும்பப் பெற்றார். 2022இல் நிர்வாகம் உள்ளூர் நிறுவனமொன்றின் கைக்கு மாறியது.

குறியீட்டெண்ணைப் பின்தொடரும் நிதியில் மனிதத் தீர்ப்புக்கே இடமில்லை என்பர். நாம் பார்த்த கதையில் ஒவ்வொரு திருப்பத்திலும் யாரோ ஒருவர் முடிவெடுத்திருக்கிறார். எப்போது வாங்குவது, எவ்வளவு வாங்குவது, எந்த வேகத்தில் விடுவிப்பது என்பவை அனைத்தும் மனிதர் எடுத்த முடிவுகளே. அரசு தன் கையிருப்பை மக்களிடம் தரும்போது லாபத்தோடு நட்டத்தின் சாத்தியத்தையும் சேர்த்தே தருகிறது. ஹாங்காங் வெளியீட்டில் வாங்கியவர்கள் தாமே விரும்பி வாங்கினார்கள். விற்றுவிட்டு விலகும் வழியும் அவர்களுக்கு இருந்தது. வைப்பு நிதித் தொழிலாளிக்கு அந்த இரண்டும் இல்லை. ஆகவே அவர் பெயரில் வாங்கப்படும் அலகுகளின் கணக்கை அவருக்குப் புரியும் மொழியில் சொல்லும் கடமை, வாங்குவோருக்கு இன்னும் கூடுதலாக இருக்கிறது.